விரத நாட்களில் வந்த பிள்ளை

சுவிசில், பீல் நகரத்து டிராலி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு என் மகள் என்னோடு பிரெஞ்சு பேசினாள். அவள் இறந்து அப்போது இரண்டு வருடம். சிவப்புத் தொப்பி போட்டிருந்தாள். பல்லெல்லாம் வந்துவிட்டிருந்தது. எனக்குப் பிரெஞ்சில் வணக்கமும் நன்றியும் தவிர ஒன்றும் தெரியாது. ஆனாலும் அவள் சொன்னதெல்லாம் விளங்கியது. ஏரிக்குப் போவோம், நீந்துகிற தாராக்களைப் பார்ப்போம் என்றாள். பஸ்ஸுக்கு வெளியே ஒரே மூடுபனி. கனவென்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கண்ணை இறுக மூடிக் கிடந்தேன்.

அவளைப் பற்றிச் சொல்வதென்றால் டொக்டர் தந்த குளிசைகளைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும்.

என் கணவர் சுவிசுக்கு வந்தபோது நான் ஊரில் நாலு மாதக் கர்ப்பிணி. பிள்ளை பிறந்ததை அவர் கடிதத்தில்தான் அறிந்தார். படம் எடுத்து அனுப்பச் சொல்லி மூன்று கடிதம் எழுதினார். முதலாவது பிறந்தநாளுக்கு நல்ல சட்டை போட்டு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய் எடுப்போம் என்று நான்தான் தள்ளிப் போட்டேன். ஒன்பதாம் மாதம் காய்ச்சல் வந்தது. ஊரடங்கு நேரம், ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. அதற்கு மேல் அதை எழுத எனக்கு இன்றைக்கும் விருப்பமில்லை.

அடுத்த வருடம் நானும் இங்கே வந்து சேர்ந்தேன். விமான நிலையத்துக்கு என்னைக் கூட்டிப்போக வந்த கணவர் என் பெட்டியைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், குளிருக்குச் சப்பாத்து வேண்டும் என்றார். பிள்ளையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு அதுவே எங்கள் வீட்டுப் பழக்கமாகிவிட்டது. தன் மகளின் முகத்தைக் காணாத மனிதரிடம் எந்த இடத்தில் தொடங்குவது?

அவருக்கு ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் சமையல் வேலை. எனக்கு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் முள் பூட்டும் வேலை கிடைத்தது. ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி, கையில் முள்ளை இடுக்கிப் பிடிக்கும் சாமணம். மணி முள், நிமிட முள், நொடி முள் மூன்றையும் பன்னிரண்டில் நேராக நிறுத்தி மெல்ல அழுத்த வேண்டும். பெருமைக்குச் சொல்லவில்லை, அந்த வரிசையில் என் கைதான் சுத்தமான கை. எங்களுக்குப் பொறுப்பான பெண்ணை எல்லோரும் ஷெஃபின் என்போம். சிரிக்கத் தெரியாத மனுஷி. அவளே ஒருநாள் நான் பூட்டி அடுக்கிய தட்டத்தைத் தூக்கி மற்றவர்களுக்குக் காட்டினாள்.

அந்தக் கைதான் ஒருநாள் நின்றுபோனது. நடுக்கமும் இல்லை, நோவும் இல்லை. சாமணத்தில் முள்ளைப் பிடித்தபடி அப்படியே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு அழுகை வருவதில்லை. பசியும் நித்திரையும் போய்விட்டன. சீப்பெடுத்துத் தலை இழுக்கவும் மனமில்லை. விடியற்புறத்தில் மட்டும் ஒரு மணித்தியாலம் கண் அயரும். அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் அவள் வருவாள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வளர்ந்து. இறந்த பிள்ளை இறந்த வயதிலேயே நிற்காமல், உயிரோடு இருந்திருந்தால் எவ்வளவோ அந்த அளவுக்குச் சரியாக வளர்ந்திருப்பாள். பகல் முழுவதும் அந்த ஒரு மணித்தியாலத்துக்காகவே காத்துக் கிடந்தேன்.

கணவர் பயந்துபோனார். எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று ஆட்கள் கதைப்பார்களோ என்ற பயம் அதைவிடப் பெரிது. மேல்மாடியில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருந்தா. எங்களுக்கு அயலென்று இருந்த ஒரே தமிழ் ஆள் அவதான். அவவிடம் "தலையிடிக்கு மருந்தெடுக்கப் போறம்" என்று சொல்லிவிட்டுத்தான் என்னை டொக்டரிடம் கூட்டிப் போனார்.

டொக்டர் நரைத்த மனிதர், காதுக்குள் மயிர் வளர்ந்தவர், அவசரப்படத் தெரியாதவர். கணவரின் ஜெர்மன் குசினி ஜெர்மன். வெங்காயமும் சட்டியும் அதில் தாராளமாக வரும், மனம் அதில் இல்லை. இருந்தும் எப்படியோ சொல்லி முடித்தார். நித்திரை, பசி, வேலை எல்லாம் சொன்னார். கனவைப் பற்றி அவர் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தால்தானே.

முதலில் தந்தது மண்ணிறக் குளிசை. முதற் கிழமை இரவில் ஒன்று, அடுத்த கிழமை இரண்டு, பிறகு மூன்று. வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும். ஆனால் நித்திரை வந்தது, சும்மா நித்திரையில்லை, கிணற்றில் போட்ட கல்லைப்போல. ஒரு மாதத்தில் நான் சோறு கேட்டுச் சாப்பிட்டேன். கணவர் குழம்பை அடிப்பிடிக்க விட்டபோது சிரித்தேன்கூட. குளிசை வேலை செய்தது. அதை நான் மறைக்கமாட்டேன்.

பிள்ளை வருவது மட்டும் நின்றுவிட்டது. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு மாதம். கண்ணை மூடினால் இருட்டு, திறந்தால் விடிந்திருக்கும், இடையில் ஒன்றுமில்லை. என்ன குற்றம் செய்தேன் என்று யோசித்தேன். நான் சிரித்ததற்குக் கோவித்துக்கொண்டாள் என்றே நினைத்தேன். குளிசைக்கும் அவளுக்கும் முடிச்சுப் போட எனக்கு அப்போது தோன்றவில்லை.

அதற்குள் கண்ணும் மங்கத் தொடங்கியது. தூரத்து மலை தெளிவாகத் தெரியும், பூதக்கண்ணாடிக்குள் முள் தெரியாது. கணவர் டொக்டரிடம் அதைச் சொன்னார். டொக்டர் தலையாட்டினார். வேறொரு குளிசைக்கு மாற்றலாம், அது மஞ்சள் நிறம், வாயும் கண்ணும் குறைவாகக் காயும் என்றார்.

"இரண்டும் தமக்கை தங்கச்சி மாதிரியாம்," என்று கணவர் எனக்குச் சொன்னார். "தங்கச்சிக்காரி கொஞ்சம் சாதுவாம். ஆனால் சடக்கெண்டு மாத்தேலாதாம். பழசை மெள்ளக் குறைச்சுப் புதுசை மெள்ளக் கூட்ட வேணுமாம்."

டொக்டர் எங்கள் ஜெர்மனை நம்பாமல் ஒரு தாளில் படம் கீறித் தந்தார். காலைக்குச் சூரியன், இரவுக்குச் சந்திரன். மண்ணிறப் புள்ளி கிழமைக்குக் கிழமை குறையும், மஞ்சள் புள்ளி கூடும். எல்லாப் புள்ளிகளுக்கும் பக்கத்தில் ஒரு தட்டும் கரண்டியும். சாப்பாட்டோடு எடுக்க வேண்டும் என்று அர்த்தம். அந்தத் தாளைக் குசினிச் சுவரில் ஒட்டினோம். மாதத்தின் முடிவில் மண்ணிறம் போய் மஞ்சள் மூன்று மட்டும் நின்றது. கண் திரும்பியது, முள் மறுபடி நேராக நின்றது, ஷெஃபின் என் தட்டத்தைக் கடந்து போகும்போது ஒன்றும் சொல்லாமல் போனாள். அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் நன்றென்று பொருள்.

ஐப்பசியில் மேல்மாடி அக்கா வந்தா. "கந்தசட்டி வருது. ஆறு நாளும் விரதம் பிடியும் பிள்ளை. முருகன் மடியிலை ஒண்டு தருவார்," என்றா. அவ நல்ல மனதோடுதான் சொன்னா. என் மடியில் முன்னமே ஒன்று இருந்தது அவவுக்குத் தெரியாது. நான் ஓம் என்றேன்.

அலுமாரிக்கு மேல் முருகன் படம் வைத்து விளக்கேற்றினேன். பகலில் தண்ணீர், மாலையில் பாலும் பழமும். வேலைக்கும் போனேன். இங்கேதான் எங்கள் ஆட்களால் மட்டும் செய்யக்கூடிய ஒரு பிழையைச் செய்தேன். டொக்டர் தட்டுப் படம் கீறியிருந்தார், சாப்பாட்டோடு குளிசை. எங்களுக்குச் சாப்பாடு என்றால் சோறு. பாலும் பழமும் எப்போது சாப்பாடாயின? ஆகவே சாப்பாடு இல்லை, ஆகவே குளிசையும் இல்லை. அதோடு விரதத்தில் மருந்து விழுங்குவது முறையோ முறையில்லையோ என்ற தயக்கமும் இருந்தது. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் தலையிடிக்கு இவ்வளவு குளிசையோ என்ற கதை வரும்.

இரண்டாம் நாள் வியர்த்தது, குமட்டியது. மூன்றாம் நாள் காரணமில்லாமல் கண்ணால் தண்ணீர் ஓடியது. விரதக் களை என்றா அக்கா. அன்று விடியற்புறம்தான் அந்த டிராலி பஸ்.

அவள் வந்துவிட்டாள். அதுவும் எப்படி! பழைய கனவுகள் மங்கலானவை. இந்தக் கனவுகளில் அவள் காதுக்குப் பின்னாலிருந்த மச்சம்வரை தெரிந்தது. நாலாம் நாள் உறைந்த ஏரியின் மேல் வெறுங்காலோடு நடந்து வந்தாள், கால் சுடுகிறது என்றாள். ஐந்தாம் நாள் தொழிற்சாலையில் என் பக்கத்துக் கதிரையில் இருந்து முட்களைப் பூவைப்போல் அடுக்கினாள், ஷெஃபின் குனிந்து அவளுக்கு முத்தம் கொடுத்தாள். ஆறாம் நாள் ஒன்றும் பேசாமல் என் மடியில் ஏறி இருந்தாள். நான் எழும்பிய பிறகும் அந்தப் பாரம் தொடையில் இருந்தது. முருகா, கேட்காததையும் நீ தருவாய் என்று விளக்குக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது இந்த நாட்டில் அதுதான் முதல் தடவை.

ஏழாம் நாள் பாறணை, விரதம் முடிக்கும் நாள். சோறு சமைத்து, சாப்பிட்டு, குளிசையும் போட்டேன். ஒரு கிழமைக்குள் கிணறு மூடிக்கொண்டது. பிள்ளை இல்லை.

நான் படிப்புக் குறைந்தவள்தான், முட்டாள் இல்லை. மண்ணிறத்தில் போனாள், மஞ்சளிலும் வரவில்லை, மஞ்சளை விட்டதும் வந்தாள், தொட்டதும் போனாள். முருகன்மீது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. தன்னுடைய வேலை இல்லையென்று அவர் ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு நான் பெரிய பக்தையானேன். வெள்ளிக்கிழமை அம்மனுக்கு விரதம். ஒரு நாள் விட்டால் அவள் வருவதாக இல்லை, ஆகவே சனிக்கிழமை சனீஸ்வரனுக்கும் ஒன்று. ஞாயிறு விடியற்புறம் அவள் வருவாள். மற்ற நாட்களில் டொக்டர் சொன்ன அளவு. "இவவுக்கு இப்ப நல்ல பக்தி," என்று கணவர் அக்காவிடம் பெருமையாகச் சொன்னார். வெள்ளிக்கிழமைகளில் எனக்காகத் தானும் மீன் சாப்பிடாமல் இருந்தார். அது எனக்கு உறுத்தியது. ஆனாலும் விடவில்லை.

ஞாயிறு சொர்க்கம், திங்கள் நரகம். கை நடுங்கும், வயிறு பிரட்டும், யாராவது கதவைச் சாத்தினால் அழுகை வரும். டொக்டர் பார்த்தார், மருந்து போதவில்லை என்று நினைத்தார். மூன்று நாலாயிற்று, நாலு ஐந்தாயிற்று. கூட்டக் கூட்ட நான் விடுகிற பள்ளமும் ஆழமாயிற்று. நானே என்னை ஊஞ்சலில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தேன். நிறுத்தச் சொல்லி யாரும் சொல்ல முடியாது, ஊஞ்சல் ஆடுவதே யாருக்கும் தெரியாதே.

ஒரு திங்கட்கிழமை வேலை மேசையிலிருந்து எழும்பினேன், தரை சரிந்தது. விழுந்தபோது கையிலிருந்த தட்டமும் விழுந்தது. முள் பூட்டி முடித்த மணிக்கூட்டு முகப்புகள் எல்லாம் நிலத்தில் சிதறின. ஷெஃபின் என்னைத் தூக்கி இருத்தித் தண்ணீர் தந்தாள். பிறகு, இந்தக் கையோடு இந்த மேசையில் இருக்க முடியாது, டொக்டரிடமிருந்து கடிதம் கொண்டு வா என்றாள். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் டொக்டரிடம் போனோம். அவர் நெற்றியைத் தேய்த்தபடி நெடுநேரம் என் கோப்பைப் புரட்டினார். மூன்றாவதாக ஒரு மருந்து இருக்கிறது, ஆனால் அதை வீட்டில் வைத்துத் தொடங்கப் பயமாக இருக்கிறது, சில கிழமைகள் மனநல மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பதுதான் நல்லது என்றார். கணவரின் முகம் செத்துப்போனது. அதைத் தமிழில் எனக்குச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொல்லாமலே எனக்கு விளங்கியது.

கடைசிக் கேள்வியாக டொக்டர், நன்றாகச் சாப்பிடுகிறாவோ என்று கேட்டார். கணவர் எனக்கு நல்ல பெயர் வாங்கித் தரும் ஆசையில், வெள்ளியும் சனியும் தவிர என்றார். அந்த இரண்டு நாளும் என்ன என்றார் டொக்டர். கணவர் விரதத்தை விளக்கினார். கடவுள், பால், பழம். டொக்டர் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார், பிறகு பேனாவை நிறுத்தினார். அப்போது குளிசை? என்றார். அந்த ஜெர்மன் எனக்கே விளங்கியது. கணவர் என் பக்கம் திரும்பினார்.

"இஞ்சாரும், குளிசை போடுறனீர்தானே?"

இல்லையென்று தலையாட்டினேன்.

"ஏன் எண்டு கேக்கிறார்."

"குளிசை போட்டால் பிள்ளை வாறாள் இல்லை," என்றேன்.

"எந்தப் பிள்ளை?"

"எங்கடை பிள்ளை. கனவிலை. விட்டால்தான் வாறாள்."

அதை அவர் ஜெர்மனில் சொல்லவேண்டும். டொக்டர் காத்திருந்தார். கணவர் தன் இரண்டு கைகளையும் பார்த்தபடி ஏதோ சொன்னார், மிகவும் கொஞ்சச் சொற்கள்தான். டொக்டர் எழும்பி வந்து மேசைக்கு இந்தப் பக்கம், எங்கள் பக்கம், ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

அவர் சொன்னதைக் கணவர் துண்டு துண்டாகத் தமிழில் சொன்னார். இந்தக் குளிசைகள் கனவை வரவிடாமல் அமத்துமாம், அது தனக்குத் தெரியுமாம், ஆனால் கேட்க வேண்டுமென்று தோன்றவில்லையாம். விட்டு விட்டுப் போட்டதுதான் விழுத்தியதாம். தானும் தெரியாமல் கூட்டிக் கூட்டி அதற்கு உதவி செய்துவிட்டாராம். இனி மெல்ல மெல்ல இறக்கி, என்னைத் தாங்கக்கூடிய ஆகக் குறைந்த அளவில் நிறுத்துவாராம். ஒரு நாளும் விடக்கூடாதாம். பாலோடு போட்டாலும் பிழையில்லையாம். பிள்ளை வருவாளோ என்று நான் கேட்டேன். அதற்குத் தான் வாக்குத் தரமாட்டேன் என்றார். "நீங்கள் சம்மதிச்சால்தான் தொடங்குவாராம். ஒளிச்சு விடுறதெண்டால் ஆஸ்பத்திரிதானாம்." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அப்படித்தான் சொன்னேன். பிடிவாதம் என் பிறவிக்குணம்.

கடைசியில் சம்மதித்து, ஐந்திலிருந்து இறங்கி இரண்டில் நிற்க இளவேனில் வந்துவிட்டது. ஒரு கட்டத்தில் கணவர் சவர அலகால் குளிசையைப் பாதியாக வெட்டித் தந்தார். முள் பூட்டும் மேசைக்குத் திரும்ப எனக்கு இன்னும் மூன்று மாதம் எடுத்தது, அதுவரை பெட்டி ஒட்டினேன். அதற்கடுத்த வருடங்களில் அவள் நாலைந்து தடவை வந்திருப்பாள், தூரத்தில் நின்று, பள்ளிக்கூடப் பையோடு. இதெல்லாம் பிறகு நடந்தவை. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்கு ஒன்றும் தெரியாது. குளிசையைப் போட்டால் அவளை இழப்பேன், போடாவிட்டால் மிச்சமெல்லாவற்றையும் இழப்பேன். அவ்வளவுதான் தெரியும்.

வெளியே வந்து பஸ்ஸுக்குப் போகாமல் கால்வாய்க் கரையில் நடந்தோம். பனி கீழிறங்கித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நின்றது. எதிர்க் கரையில் சைக்கிளில் போனவரின் தலை மட்டும் தெரிந்தது, உடம்பில்லாமல் ஒரு தலை அமைதியாக மிதந்து போவதுபோல். கரையோரத்து மர வாங்கு ஒன்றில் உட்கார்ந்தோம். ஏச்சு விழப்போகிறது என்று காத்திருந்தேன். அவ்வளவு நாளும் ஏமாற்றியிருக்கிறேன், மீன்கூடச் சாப்பிட விடவில்லை. ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன். அதற்கு ஆயத்தமாகத்தான் இருந்தேன்.

"எனக்கு ஒருநாளும் வரேல்லை," என்றார்.

"ஆர்?"

"பிள்ளை. நானும் படுக்கேக்கை அவளை நினைச்சுக்கொண்டுதான் படுக்கிறனான். முகம் தெரியாத பிள்ளை என்னண்டு கனவிலை வரும்?"

பிள்ளையைப் பறிகொடுத்தவள் நான் ஒருத்திதான் என்று அவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அவர் சப்பாத்துப் பற்றியும் குளிர் பற்றியும் கதைத்ததெல்லாம் மறந்துபோன மனிதரின் கதையென்று நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

"என்ன மாதிரி இருப்பாள்?" என்று கேட்டார். அவர் என் பக்கம் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"கொஞ்சம் பொதுநிறம். தலைமயிர் சுருள். கோவம் வந்தால் கீழ்ச்சொண்டு மட்டும் நடுங்கும், அழமாட்டாள்." பிறகு அவரைப் பார்த்தேன். "நெத்தி உங்கடை நெத்தி."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். விரல்களால் தன் நெற்றியைத் தடவினார், மயிர் தொடங்கும் இடத்திலிருந்து புருவம்வரை, மெல்ல, புதிதாக ஒன்றைத் தொடுவதுபோல்.

"இதுவோ?"

"ஓம். அதுதான்."

கையை அங்கிருந்து எடுக்காமலே, "இன்னும் சொல்லும்," என்றார். அவள் பிறந்த நாளிலிருந்து தொடங்கினேன்.